தைவான் நீரிணையில் போர் மூண்டால்...

சீனாவின் புஜியான் மாகாணக் கரையையும் தைவான் தீவையும் பிரிக்கும் நீரிணை, மிகக் குறுகலான இடத்தில் சுமார் 130 கிலோமீட்டர் அகலமே கொண்டது. அதன் கிழக்கே, கேரளத்தைவிடச் சற்றே சிறிய நிலப்பரப்பில், 2 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தங்கள் அதிபரையும் நாடாளுமன்றத்தையும் தாங்களே தேர்ந்தெடுத்து வாழ்கிறார்கள். மேற்கே, அந்தத் தீவு தன்னுடையது என்றும் தேவைப்பட்டால் படை கொண்டும் சேர்த்துக்கொள்வோம் என்றும் சொல்லிவரும் 140 கோடி மக்களின் வல்லரசு. அந்தச் சொல் செயலானால் என்ன நடக்கும் என்பதை ராணுவ வல்லுநர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமாக இனியும் விட்டுவிட முடியாது. அந்தப் போருக்கு விலை கொடுக்கப்போகிறவர்களில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கைப்பேசி ஆலையில் வேலைபார்க்கும் பெண்களும் அடக்கம்.

தைவானின் பூர்வகுடிகள் ஆஸ்ட்ரோனேசிய மொழிகளைப் பேசியவர்கள். சீனப் பெருநிலத்திலிருந்து மக்கள் பெருமளவில் குடியேறத் தொடங்கியது 17-ஆம் நூற்றாண்டில். 1683-இல் சிங் பேரரசு தீவைக் கைப்பற்றியது; 1895-இல் ஜப்பானிடம் போரில் தோற்றதும் ஷிமோனோசெகி உடன்படிக்கையில் அதை விட்டுக்கொடுத்தது. ஐம்பது ஆண்டு ஜப்பானிய ஆட்சி முடிந்து, 1945-இல் சியாங் கை ஷேக்கின் சீனக் குடியரசு தீவின் நிர்வாகத்தை ஏற்றது. உள்நாட்டுப் போரில் மா சேதுங்கின் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற சியாங், 1949-இல் தன் அரசையும் படையையும் அங்கேயே கொண்டுசென்றார். 38 ஆண்டுகள் ராணுவச் சட்டத்தின் கீழ் அடக்குமுறையை அனுபவித்த தீவு, 1987-இல் அதிலிருந்து விடுபட்டு 1996-இல் முதன்முறையாகத் தன் அதிபரை நேரடித் தேர்தலில் தேர்ந்தெடுத்தது. பெய்ஜிங்கிலிருந்து ஆளும் மக்கள் சீனக் குடியரசு இந்தத் தீவை ஒரு நாள்கூட ஆண்டதில்லை.

ஆனால் உலக அரங்கின் கணக்கு வேறு. 1971-இல் ஐ.நா. சபையில் சீனாவின் இடம் பெய்ஜிங்குக்குப் போனது. 1979-இல் அமெரிக்காவும் தன் தூதரக உறவை அங்கே மாற்றிக்கொண்டது. தைவானுடன் முறையான தூதரக உறவு வைத்திருக்கும் நாடுகள் இன்று ஒரு டஜன் அளவுக்குச் சுருங்கிவிட்டன. தைவான் தற்காத்துக்கொள்ள ஆயுதம் வழங்க அமெரிக்கச் சட்டம் வகைசெய்கிறது. போர் வந்தால் அமெரிக்கப் படை இறங்குமா என்ற கேள்விக்கு அது வேண்டுமென்றே விடை சொல்லாமல் விடுகிறது. 2005-இல் சீனா இயற்றிய பிரிவினைத் தடுப்புச் சட்டம், அமைதி வழிகள் பலிக்காவிட்டால் பிற வழிகளைக் கையாளலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் தலைவர் நான்சி பெலோசி தைபேக்கு வந்துபோனதை அடுத்து, தீவைச் சுற்றி வளைத்துப் போர்ப் பயிற்சி நடந்தது, ஏவுகணைகள் பறந்தன. அன்று முதல் அத்தகைய பயிற்சி ஆண்டுதோறும் வாடிக்கையாகிவிட்டது. 2027-க்குள் படையெடுப்புக்குத் தயாராக இருக்குமாறு அதிபர் ஷி ஜின்பிங் தன் ராணுவத்துக்குச் சொல்லியிருப்பதாக, அமெரிக்க உளவுத் துறைத் தலைவராக இருந்த வில்லியம் பர்ன்ஸ் 2023-இல் கூறினார். தயாராக இருப்பது வேறு, முடிவெடுப்பது வேறு என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

படையெடுப்பு என்று சொல்லிவிடுவது எளிது. கடல் கடந்து படை இறக்குவது ராணுவக் காரியங்களிலேயே மிகக் கடினமானது. தைவான் நீரிணையில் குளிர்காலப் பருவக்காற்றும் கோடை மழைக்காலச் சூறாவளிகளும் போக, பெரும்படையை ஏற்றிச் செல்லத் தோதான காலம் ஏப்ரலை ஒட்டியும் அக்டோபரை ஒட்டியும் சில வாரங்கள்தான். தீவின் மேற்குக் கரையில் பெரும்பகுதி, அலை வற்றும்போது கிலோமீட்டர் கணக்கில் விரியும் சேற்று நிலம். அதைத் தாண்டினால் நெல் வயல்களும் நெருக்கமான நகரங்களும். அதற்கும் அப்பால், 3,952 மீட்டர் உயரமுள்ள யுஷான் சிகரத்தைக் கொண்ட நடு மலைத்தொடர். இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில், அன்று ஃபார்மோசா எனப்பட்ட இதே தீவில் படை இறக்க அமெரிக்கா திட்டம் தீட்டியது. தேவைப்படும் ஆளும் கப்பலும் கணக்குப் பார்த்த பிறகு அதைக் கைவிட்டு, ஒகினாவாவுக்குப் போனது.

சீனாவுக்கே இதில் கசப்பான அனுபவம் உண்டு. புஜியான் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில், தைவான் வசம் இருக்கும் கின்மன் தீவில், 1949 அக்டோபரில் சுமார் 9,000 வீரர்கள் இறக்கப்பட்டார்கள். அவர்களை ஏற்றிவந்த படகுகள் அலை வற்றியதால் கரையிலேயே தட்டி நின்றன. திரும்பிப் போய் அடுத்த அணியைக் கொண்டுவர முடியவில்லை. மூன்று நாளில் அந்தப் படை அழிந்தது, எஞ்சியவர்கள் சிறைப்பட்டார்கள். 1958 ஆகஸ்ட் 23 முதல் 44 நாட்களில் அதே தீவின் மீது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. அதன் பிறகும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று 1979 தொடக்கம் வரை குண்டுவீச்சு நீடித்தது. கின்மன் கொல்லர்கள் அந்தக் குண்டுகளின் எஃகை உருக்கித் தட்டிச் சமையலறைக் கத்தி செய்தார்கள். சுற்றுலா வரும் சீனர்களும் அதை இன்று விலைகொடுத்து வாங்கிப் போகிறார்கள்.

இன்றைய சீனக் கடற்படை 1949-இன் படகுக் கூட்டம் இல்லை என்பது உண்மைதான். கப்பல்களின் எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது. மூன்று விமானந்தாங்கிக் கப்பல்கள் இருக்கின்றன. துறைமுகம் இல்லாத கரையிலும் வண்டிகளை இறக்க உதவும் பாலப் படகுகளை 2025-இல் அது சோதித்துப் பார்த்தது. ஆனால் அந்த ராணுவம் கடைசியாகப் பெரும்போர் செய்தது 1979-இல், வியத்நாமுடன். வாஷிங்டனில் உள்ள சர்வதேச உத்தி ஆய்வு மையம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தப் படையெடுப்பை மேசைமேல் 24 முறை நடத்திப் பார்த்தது. பெரும்பாலான ஆட்டங்களில் சீனப் படை தீவைக் கைப்பற்ற முடியாமல் தோற்றது. ஆனால் வென்றவர்களும் சிதைந்து போனார்கள். அமெரிக்கா சாதாரணமாக இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களையும் நூற்றுக்கணக்கான விமானங்களையும் இழந்தது. தைவானின் பெரிய போர்க்கப்பல்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சீனக் கடற்படை நிலைகுலைந்தது. அதன் பல்லாயிரம் வீரர்கள் தீவில் கைதிகளானார்கள்.

இத்தகைய கணிப்புகள் கப்பலையும் விமானத்தையும் எண்ணுகின்றன. தைச்சுங்கிலும் காவோசியுங்கிலும் அடுக்குமாடிகளில் வாழும் குடும்பங்களின் கதி அந்த எண்ணிக்கையில் வருவதில்லை. தைவான் தன் எரிசக்தியில் 95 விழுக்காட்டுக்கும் மேல் கப்பலில் இறக்குமதி செய்கிறது. மின் உற்பத்தியில் பெரும்பங்கு வகிக்கும் திரவ இயற்கை எரிவாயு, இரண்டு வாரத்துக்கும் குறைவான தேவைக்குத்தான் கையிருப்பில் இருக்கும். கடைசி அணு உலையும் 2025 மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. உணவில், கலோரிக் கணக்குப்படி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சொந்த விளைச்சல். உக்ரைனுக்குப் போலந்து எல்லை வழியாகக் கோதுமை மாவும் மருந்தும் பீரங்கிக் குண்டும் போய்க்கொண்டே இருந்தன. அகதிகள் அதே வழியில் வெளியேறினார்கள். தைவானுக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. போர் தொடங்கும் நாளில் தீவில் என்ன இருக்கிறதோ அதுதான்.

தொலைத்தொடர்பும் அதே நிலையில்தான். 2023 பிப்ரவரியில், சீனக் கரையோரமாக உள்ள தைவானின் மாட்சு தீவுகளுக்குச் செல்லும் இரண்டு கடலடி கேபிள்களும் ஒரு வார இடைவெளியில் அறுந்தன. சீன மீன்பிடிப் படகு ஒன்றும் சரக்குக் கப்பல் ஒன்றும் காரணம் என்றது தைவான் தரப்பு. வேண்டுமென்றே செய்ததாக நிரூபணம் இல்லை. சுமார் 14,000 பேர் வாழும் அந்தத் தீவுகளில் பல வாரங்கள் இணையம் முடங்கியது. ஒரு குறுஞ்செய்தி போய்ச்சேர பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. படம் அனுப்பினால் இன்னும் நேரம். விடுதி நடத்துபவர்களால் முன்பதிவு எடுக்க முடியவில்லை. நுண்ணலைக் கோபுரம் வழியே கிடைத்த சிறிதளவு இணைப்பை நம்பி அலுவல்கள் நடந்தன. ஒரு குண்டுகூட வெடிக்காமல் நடந்தது இது.

ஆபத்தின் உண்மையான வடிவம் இதில்தான் தெரிகிறது. இரண்டாம் உலகப் போரின் நார்மண்டி படையிறக்கம்போல ஒரு விடியற்காலையில் ஆயிரக்கணக்கான கப்பல்கள் கிளம்பிவரும் என்று உலகம் எதிர்பார்த்துக்கொண்டிருக்கையில், கடலோரக் காவல் கப்பல்களைக் கொண்டு சுங்கச் சோதனை என்ற பெயரில் எரிவாயுக் கப்பல்களைத் தடுத்து நிறுத்துவதுதான் சீனாவுக்குச் சுலபம், மலிவு. இதைப் போர் என்று அறிவிப்பதா, யார் முதலில் சுடுவது என்று மற்ற நாடுகள் கூடிக் கூடிப் பேசுவதற்குள் தீவின் எரிவாயுத் தொட்டிகள் வற்றிவிடும். முழுப் படையெடுப்பைவிட இதற்கே வாய்ப்பு அதிகம். இதற்கே உலகின் ஆயத்தமும் குறைவு. முற்றுகையை உடைக்க முதல் கப்பல் வந்த கணமே அது போராகவும் மாறிவிடும்.

போர் வந்தால் உலகை முதலில் உலுக்குவது குறைகடத்திச் சில்லுகளின் தட்டுப்பாடு. 1987-இல் மோரிஸ் சாங் தொடங்கிய டி.எஸ்.எம்.சி. நிறுவனம், பிறர் வடிவமைக்கும் சில்லுகளைச் செய்துகொடுக்கும் தொழிலையே ஒரு பெருந்தொழிலாக வளர்த்தெடுத்தது. மிக நுட்பமான சில்லுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது தைவானில்தான் உருவாகின்றன. கைப்பேசியின் மூளை, செயற்கை நுண்ணறிவுக் கணினிகள், மருத்துவமனை ஸ்கேன் கருவிகள், போர் விமானங்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் தீவையே நம்ப வேண்டியிருக்கிறது. அரிசோனாவிலும் ஜப்பானின் குமாமோட்டோவிலும் கிளை ஆலைகள் இயங்கத் தொடங்கிவிட்டன என்றாலும், தைவானின் இடத்தை அவற்றால் சில ஆண்டுகளில் நிரப்பிவிட முடியாது.

இந்த ஆலைகள் எவ்வளவு மென்மையானவை என்பதை 1999 செப்டம்பர் 21 நிலநடுக்கம் காட்டியது. 2,400 பேருக்கு மேல் பலிகொண்ட அந்த நிலநடுக்கத்தில் சின்சு நகர ஆலைக் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டன. ஆனால் மின்சாரம் நின்றது. பாதியில் நின்ற சிலிக்கான் தகடுகள் வீணாயின; உற்பத்தி பல நாட்கள் முடங்கியது; உலகச் சந்தையில் கணினி நினைவகச் சில்லுகளின் விலை தாறுமாறாக ஏறியது. போரில் மின்சாரம் மட்டுமா நிற்கும்? நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவன இயந்திரங்கள், அவற்றைப் பராமரிக்கும் பொறியாளர்கள், ஜப்பானிய ரசாயனங்கள், அமெரிக்க மென்பொருள் எல்லாம் நாள்தோறும் வந்து சேர்ந்தால்தான் அந்த ஆலைகள் ஓடும். படை பலத்தால் யாரும் தங்கள் நிறுவனத்தைக் கைப்பற்றி நடத்த முடியாது என்று 2022-இல் டி.எஸ்.எம்.சி.யின் அன்றைய தலைவர் மார்க் லியு வெளிப்படையாகச் சொன்னார். சீனா தீவைப் பிடித்தாலும் அந்தத் தொழிலைப் பிடிக்க முடியாது. கச்சா எண்ணெய்க்குச் செலவிடுவதைவிட அதிகத் தொகையைச் சில்லு இறக்குமதிக்குச் செலவிடும் நாடு சீனா என்பதால், அந்த ஆலைகள் நின்றால் அதன் சொந்தத் தொழிற்சாலைகளும் நிற்கும்.

சில்லு இல்லாமை என்றால் என்ன என்பதை இந்தியா ஒருமுறை சிறிதளவில் அனுபவித்திருக்கிறது. 2021 செப்டம்பரில் மாருதி சுசூகி தன் வழக்கமான உற்பத்தியில் 40 விழுக்காடுதான் சாத்தியம் என்று அறிவித்தது. முன்பணம் கட்டியவர்கள் மாதக்கணக்கில் காருக்குக் காத்திருந்தார்கள். அது பெருந்தொற்றுக் காலத்தில் தேவைக்கும் உற்பத்திக்கும் இடையே விழுந்த இடைவெளி மட்டுமே. தைவான் ஆலைகள் அப்போது இரவும் பகலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

கப்பல் போக்குவரத்துக்கு வருவோம். ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் வட சீனத் துறைமுகங்களுக்கும் செல்லும் கப்பல்களின் பிரதான பாதை இந்த நீரிணை. உலகக் கடல் வணிகத்தில் மதிப்பின்படி ஐந்தில் ஒரு பங்கு இதன் வழியே போவதாக மதிப்பிடப்படுகிறது. போர் அபாயம் அறிவிக்கப்பட்டால் காப்பீட்டுக் கட்டணம் ஏறும், கப்பல்கள் விலகிச் சுற்றும். செங்கடலில் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதலுக்குப் பயந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோதே சரக்குக் கட்டணம் பல மடங்கானது. புளூம்பெர்க் பொருளியலாளர்கள் 2024-இன் தொடக்கத்தில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தைவான் போரால் உலகுக்கு ஏற்படும் இழப்பு சுமார் 10 லட்சம் கோடி டாலர், அதாவது உலக மொத்த உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு. உக்ரைன் போர், கோவிட் பெருந்தொற்று, 2008 நிதி நெருக்கடி ஆகிய ஒவ்வொன்றின் அடியையும்விட இது பெரிது. வெறும் முற்றுகையே இதில் பாதி இழப்பைத் தரும் என்கிறது அதே கணக்கு.

சீனாவுக்கு இதில் இழப்பு சிறிதல்ல. எண்ணெய்த் தேவையில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு அது. அதில் பெரும்பகுதி மலாக்கா நீரிணை வழியே வருகிறது. ஏற்றுமதியால் வளர்ந்த அதன் கரையோர நகரங்களே போர்முனைக்கு மிக அருகில் இருக்கின்றன. இன்று அங்கே ராணுவ வயதில் இருப்பவர்கள் ஒரு குழந்தைக் கொள்கைக் காலத்தில் பிறந்தவர்கள். பல வீடுகளுக்கு ஒற்றைப் பிள்ளைகள். நீரிணையில் மூழ்கும் ஒவ்வொரு கப்பலிலும் எத்தனையோ குடும்பங்களின் ஒரே வாரிசு இருப்பார். தோல்வி ஆட்சியையே அசைக்கலாம் என்ற பயம் தலைமைக்கு இருக்கிறது; அந்தப் பயமே, தொடங்கிய போரை நிறுத்தவிடாமலும் செய்யக்கூடும்.

அண்டை நாடுகள் ஒதுங்கி நிற்க முடியாது. ஜப்பானின் யோனகுனி தீவு தைவானிலிருந்து 110 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அமெரிக்க விமானங்கள் கிளம்ப வேண்டிய கடேனா தளம் ஒகினாவாவில். 1945 போரில் நான்கில் ஒருவரைப் பறிகொடுத்த மக்கள் அந்தத் தீவினர். அடுத்த போரின் முதல் ஏவுகணைகளும் தங்கள் மீதே விழலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். தைவான் மீதான தாக்குதல் ஜப்பானின் இருப்புக்கே அச்சுறுத்தலாகலாம் என்று 2025 நவம்பரில் பிரதமர் சனே தகாய்ச்சி நாடாளுமன்றத்தில் சொன்ன உடனே, ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்று சீனா தன் மக்களுக்கு அறிவுறுத்தியது. தெற்கே பிலிப்பைன்ஸ், 2023-இல் வட லூசோனில் அமெரிக்கப் படைக்குப் புதிய தளங்களைத் திறந்துவிட்டது. தைவானில் வேலைபார்க்கும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட புலம்பெயர் தொழிலாளர்கள் இந்தோனேசியா, வியத்நாம், பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். முதியோர் இல்லங்களிலும் மீன்பிடிக் கப்பல்களிலும் ஆலைகளிலும் உழைக்கும் அவர்களை யார், எப்படி மீட்பது என்பதற்கு இன்னும் தெளிவான விடை இல்லை.

தீவு வீழ்ந்தே விட்டது என்று வைத்துக்கொண்டால், அதன் பிறகுதான் நீண்ட துயரம் தொடங்கும். தங்களைச் சீனர் என்று மட்டும் கருதுவோர் தைவானில் மிகச் சிறுபான்மையினர் என்பதை அங்குள்ள செங்சி பல்கலைக்கழகத்தின் தொடர் ஆய்வு ஆண்டுதோறும் காட்டுகிறது; இருக்கும் நிலையே தொடரட்டும் என்பதுதான் பெரும்பான்மையினர் விருப்பம். 1947 பிப்ரவரி 28-இல் தொடங்கிய எழுச்சியை சியாங்கின் படை ரத்தத்தில் அடக்கியதை அந்த மக்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த நாள் அங்கே பொது விடுமுறை. ஒரு நாடு, இரு ஆட்சிமுறை என்று வாக்களிக்கப்பட்ட ஹாங்காங்கில் 2020-இன் தேசியப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்ததையும் பார்த்திருக்கிறார்கள். விருப்பமில்லாத 2 கோடிப் பேரை ஆள்வதற்குச் சிறைகளும் காவல் படையும் நிரந்தரமாகத் தேவைப்படும். அமெரிக்காவின் வாக்கை நம்பி அணுகுண்டு வேண்டாம் என்றிருந்த ஜப்பானும் தென் கொரியாவும் அந்த முடிவை மறுபரிசீலனை செய்யும். தைவானே ஒருகாலத்தில் ரகசியமாக அணு ஆயுதத் திட்டம் நடத்தி, அமெரிக்க நெருக்குதலால் 1988-இல் அதைக் கைவிட்ட நாடு.

இந்தியா இதில் எந்தப் பக்கமும் படை அனுப்பப் போவதில்லை. ஆனால் எல்லையில் 2020 கல்வான் மோதலுக்குப் பின் பல்லாயிரம் வீரர்களை நிறுத்தி வைத்திருக்கும் நாடு, சீனா வெல்வதையும் தோற்பதையும் ஒரேபோலக் கவலையோடு பார்க்க வேண்டியிருக்கிறது. வென்ற சீனாவின் கவனம் இமயமலைப் பக்கம் திரும்பலாம். தோற்ற சீனா வேறெங்காவது ஒரு வெற்றியைத் தேடலாம். அணுமின் நிலையம் முதல் ஆம்புலன்ஸ் வரை தேவைப்படும் மின்னணு உறுப்புகளில் பெரும்பகுதி கிழக்கு ஆசியாவிலிருந்தே இந்தியாவுக்கு வருகிறது. குஜராத்தின் தொலேராவில் டாடா நிறுவனம் தைவானின் பவர்சிப்புடன் சேர்ந்து கட்டும் ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதிலும் மிக நுட்பமான சில்லுகள் வரப்போவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தத் தொடர்பு இன்னும் நெருக்கமானது. சென்னையில் தைவானின் பொருளாதார, கலாசார மையம் 2012 முதல் இயங்குகிறது. செய்யாற்றில் தைவானிய நிறுவனத்தின் காலணி ஆலைகளில் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைபார்க்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கானும் தைவானிய நிறுவனம்தான். அதன் பெண் தொழிலாளர்களுக்காக வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அந்தக் கைப்பேசிகளின் மையச் சில்லு தைவானில்தான் பிறக்கிறது. அது வராத மாதத்தில் அந்த விடுதியில் இருப்பவர்களுக்கு வேலை இருக்காது; ஊருக்கு அனுப்பும் சம்பளமும் இருக்காது.

அரசு செய்ய வேண்டியவை தெரிந்தவைதான்: மருத்துவம், மின்விநியோகம், பாதுகாப்பு ஆகிய துறைகளுக்கான சில்லுகளையாவது கையிருப்பில் வைப்பது, தைவானிய ஆலைகள் நின்றால் தொழிலாளர்களுக்கு இடைக்கால ஊதியம் தர மாநில அளவில் ஒரு நிதி ஏற்படுத்துவது, படிப்புக்கும் வேலைக்கும் தீவில் இருக்கும் சில ஆயிரம் இந்தியரை மீட்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது. 1990-இல் குவைத்திலிருந்து லட்சத்துக்கும் அதிகமானோரையும், 2022-இல் உக்ரைனிலிருந்து இருபதாயிரத்துக்கும் அதிகமானோரையும் இந்தியா மீட்டுவந்தது. இரண்டு இடத்திலும் மக்கள் முதலில் தரைவழியே அண்டை நாட்டுக்குப் போய்ச்சேர முடிந்தது. தைவானைச் சுற்றிக் கடல் மட்டுமே என்பதால், அங்கிருப்பவர்களைக் கிளப்பிக் கொண்டுவரும் முடிவை முதல் ஏவுகணைக்கு முன்பே எடுத்தாக வேண்டும்.